மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து

இந்தக் காலத்து ஆட்களுக்கு ஓர் இடத்தை விட்டு எழுந்து போவதுகூடச் சும்மா வரவில்லை. முன்பெல்லாம் ஒருவனுக்குக் கோபம் வந்தால் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விடுவான். பக்கத்தில் இருப்பவனுக்கே தெரியாது. இப்போது போவதற்கு முன்னால் ஓர் அறிவிப்பு, போகும்போது ஒரு போட்டோ, போன பிறகு அதைப் பற்றி ஒரு வாரம் பேச்சு. போகாமல் உட்கார்ந்திருந்தவனைப் பற்றி எவனும் பேசுவதில்லை. பேச வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை.

எங்கள் ஹட்லஸ்டன் கல்லூரி அணிக்குப் பெயர் கோவேறு கழுதைகள். அலபாமாவின் இந்தப் பக்கத்தில் காலேஜ் ஃபுட்பால்தான், பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு முட்டி மோதி ஓடுகிற ஆட்டம்தான், எல்லாம். கல்யாணத்துக்குத் தேதி வைப்பவன்கூட முதலில் ஆட்ட அட்டவணையைப் பார்த்துவிட்டுத்தான் பாதிரியாரிடம் போவான். இந்த வருடம் எங்கள் கழுதைகள் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. போன வருடம் ஜெயித்ததும் எதிரணி வந்த பேருந்து வழியில் படுத்துவிட்டதால் என்று ஊரில் ஒரு பேச்சு. நான் அதை நம்பவில்லை. பேருந்து படுத்திருந்தாலும் நாங்கள் தோற்றிருப்போம்.

கோச் விட்லோ என்று ஒருவன் இருக்கிறான். வியாழக்கிழமை தோறும் வானொலியில் வந்து, படிப்படியாகக் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்பான். மூன்று வருடமாக அஸ்திவாரம்தான் தோண்டுகிறான். அவன் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. அவனை வேலைக்கு வைத்த கமிட்டிக்காரர்கள் மேல் அதைவிடக் குறைவு. நான் மரம் அறுக்கும் மில்லில் வேலை செய்து ஓய்ந்தவன். கோட்டு போட்டவன் வந்து "நாம் எல்லோரும் ஒரு குடும்பம்" என்று சொன்ன அடுத்த மாதமே மில்லை மூடினார்கள். அதிலிருந்து குடும்பம் என்று எவனாவது ஆரம்பித்தால் நான் வண்டிச் சாவியைத் தேடுவேன்.

ஆனால் ஒரு வழக்கம் உண்டு. அதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

கடைசி உள்ளூர் ஆட்டம் முடிந்ததும், அந்த வருடத்தோடு படிப்பு முடிகிற பையன்கள் கிழக்கு ஸ்டாண்டுக்கு முன்னால் வரிசையாக நிற்பார்கள். முதுகில் உள்ள எண்ணின் வரிசை. ஒவ்வொருவனும் ஓரடி முன்னால் வந்து தன் ஊர்ப் பெயரைக் கத்திச் சொல்வான். ஸ்டாண்டில் இருக்கிறவர்கள் அந்தப் பெயரைத் திருப்பிக் கத்த வேண்டும். அவ்வளவுதான். ஜெயித்தாலும் உண்டு, தோற்றாலும் உண்டு. பெற்றவர்கள் பையனுக்குப் பின்னால் நிற்பார்கள். அவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. வீட்டுக்காரர்கள் சொன்னால் கணக்கில் வராது. முன்பின் தெரியாத ஜனம் சொல்ல வேண்டும், அப்போதுதான் அவன் இங்கே வந்து எலும்பை உடைத்துக்கொண்டதற்கு ஓர் அர்த்தம்.

போன வருடம் மழை. ஜார்ஜியாவிலிருந்து வந்த ஒரு பையன் தன் ஊரைச் சொன்னான். நானும் இன்னும் சிலரும் சொன்னோம். கிணற்றுக்குள் கல் போட்ட மாதிரி இருந்தது. அந்தப் பையன், யார் காதிலும் விழவில்லையோ என்பது போல, இன்னொரு முறை சொன்னான். அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

இந்த வருடம் அந்த வரிசையில் எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் நிற்கப் போகிறான். மட் கிரீக் என்றால் ஒரு சர்ச், ஒரு தீவனக் கடை, சில வீடுகள். என் வீடு அதில் ஒன்று. டேரல் ப்ரூயிட்டின் வீடு ஓடைக்கு அந்தப் பக்கம். அவன் சென்டர். ஒவ்வொரு முறை ஆட்டம் தொடங்கும்போதும் குனிந்து பந்தைக் கால் இடுக்கு வழியாகப் பின்னால் இருப்பவனிடம் கொடுத்துவிட்டு, எதிரே எருமை மாதிரி வருகிறவனை நெஞ்சால் தாங்குகிறவன். அவன் பெயரை வானொலியில் சொல்ல மாட்டார்கள். பந்து கை நழுவினால் மட்டும் சொல்வார்கள்.

அவன் அம்மா ஆர்லீன் பெட்ரோல் பங்க் கடையில் கோழி பொரிக்கிறவள். ஆட்டத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை நான் போனபோது, கேட்காமலே ஒரு தொடைத் துண்டைக் கூடுதலாக வைத்தாள். இலவசமாக எவராவது எதையாவது வைத்தால் நான் காரணத்தைத் தேடுவேன்.

"என்ன விஷயம், ஆர்லீன்?"

"ஒண்ணுமில்ல மிஸ்டர் ரஃபஸ். சனிக்கிழமை கடைசி வரைக்கும் இருப்பீங்கல்ல?"

"நான் என்னிக்கு நடுவுல எந்திரிச்சுப் போயிருக்கேன்?"

"நீங்க போக மாட்டீங்க. மத்தவங்க எல்லாம் போறாங்களாம். வெர்னன் நேத்து வந்து காகிதப் பை கட்டுக்கட்டா வாங்கிட்டுப் போனாரு. தோத்த வெக்கத்தைக் காட்ட அதைத் தலைல மாட்டிக்கிட்டு இடைவேளையில மொத்தமா வெளிய நடக்கப் போறாங்களாம்." அடுப்பைத் திரும்பிப் பார்த்துவிட்டு வந்தாள். "டேரல் நாலு வருஷமா குனிஞ்சே நின்னுட்டான். அன்னிக்கு ஒரு நாள்தான் நிமிந்து நின்னு வாயத் தொறப்பான். ஊர்ப் பேரை யாராவது திருப்பிச் சொல்லணும். நான் கத்தக் கூடாதே."

"கூடாது. வழக்கம்."

"தெரியும். தெரிஞ்சுதான் உங்ககிட்ட வந்தேன்."

"நான் இருப்பேன்" என்றேன். "மத்தவன் வாய்க்கெல்லாம் நான் ஜாமீன் இல்ல."

"ஒரு குரல் போதுமா?"

கோழியை எடுத்துக்கொண்டு நேராக வெர்னன் டகெட்டின் டயர் கடைக்குப் போனேன்.

வெர்னனும் நானும் ஸ்டாண்டில் பக்கத்துப் பக்கத்து இருக்கை. எங்கள் இரண்டு பேருக்கும் முடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து. அவன் கத்திரிக்கோலை வைத்துக்கொண்டு பைகளில் கண்ணுக்கு ஓட்டை போட்டுக்கொண்டிருந்தான். எனக்கென்று ஒன்றை ஏற்கெனவே வெட்டி, நெற்றியில் கறுப்பு மையால் ஒரு கழுதைக் காது வரைந்து வைத்திருந்தான்.

"உனக்குப் பெரிய சைஸ் எடுத்தேன் ரஃபஸ். மண்டைக்கனத்துக்கும் இடம் வேணும்ல."

"அதுல ரொட்டியைப் போட்டு வை. எனக்கு வேணாம்."

"உனக்கு அந்தக் கோச் மேல திடீர்னு பாசமா?"

"என் நாயைக்கூட அவன்கிட்ட ஒரு ராத்திரி விட்டுட்டுப் போக மாட்டேன்."

"பின்ன என்னடா? ஸ்டாண்டு நிறைஞ்சிருக்கிற வரைக்கும் அந்தக் கமிட்டிக்காரனுங்க கண்ணுக்கு ஸ்கோர் போர்டு தெரியாது. காலி பெஞ்சைப் பாத்தாதான் அவனுங்களுக்கு வயிறு கலங்கும். கோச்சை மாத்துவானுங்க. நம்ம பொறுத்துப் பொறுத்து என்னத்தக் கண்டோம்?"

அதில் பொய் இல்லை. வெர்னன் முட்டாள் இல்லை. அதுதான் அவனோடு சண்டை போடுவதில் உள்ள தொந்தரவு.

"கோச் சம்பளத்துக்கு நிக்கிறான்" என்றேன். "ஆர்லீன் மகன் முட்டியில ஐஸ் கட்டிக்கிட்டு நிக்கிறான். நீ யாரோட மூஞ்சில பையை மாட்டுற?"

"என் மூஞ்சிலதான்."

கடைப் பையன்கள் சிரித்தார்கள். எனக்கே சிரிப்பு வந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

"சரி, இடைவேளையில போ. ஊர் கூப்பிடறப்ப திரும்பி வந்துடுங்க."

"போனா கேட்ல திரும்ப விட மாட்டான். குடிச்சிட்டு வர்றானுங்கன்னு ரூல் போட்டிருக்கான்." கத்திரிக்கோலைக் கீழே வைத்தான். "ரஃபஸ், அந்தப் பையன் மேல எனக்கு மட்டும் அக்கறை இல்லையா? நாங்க ஒண்ணும் வீட்டுக்குப் போகல. மதிலுக்கு வெளிய வண்டிங்ககிட்டதான் இருப்போம். என் பிக்கப்புல பெரிய ஸ்பீக்கர் ரெண்டு இருக்கு. போன்ல ரேடியோவைப் போட்டு மாட்டிடறேன். பையனுங்க கூப்பிட்டதும் அங்கேருந்தே கத்துறோம். உள்ள நாலு கிழடு கத்துறதவிட வெளிய நாங்க கத்துறது பலமா கேக்கும், பாரு."

"மதிலைப் பாத்து அந்தப் பையன் கும்பிடணுமா?"

"நீ எதைத்தான்டா நம்புன?"

நான் எழுந்து வந்துவிட்டேன்.

சனிக்கிழமை குளிர் வந்துவிட்டது. காலையிலிருந்தே கிழக்கு மதிலுக்கு வெளியே வண்டி நிறுத்தும் மைதானத்தில் புகை. பன்றித் தோள் இறைச்சி வாட்டும் வாசனை, உப்புத் தண்ணீரில் வேகும் வேர்க்கடலை வாசனை. அணி தோற்றாலும் எங்கள் ஆட்களின் வயிறு தோற்றதில்லை. தெரிந்தவர்கள் எல்லோரும் பையைப் பின்பாக்கெட்டில் செருகிக்கொண்டு, ஏதோ கல்யாணத்துக்கு வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். கோபமாக இருப்பவன் இவ்வளவு சாப்பிடுவானா என்று நினைத்தேன்.

ஆட்டம் தொடங்கியதும் பழைய கதைதான். எதிரணிக்காரன் பந்தை இடுக்கிக்கொண்டு, எங்கள் பையன்கள் ஏதோ வேலி ஓட்டை மாதிரி, இடையில் நுழைந்து நுழைந்து போனான். இடைவேளைக்கு இருபத்துநாலுக்கு மூன்று.

வெர்னன் எழுந்தான். பையைத் தலையில் மாட்டினான். அவனுக்குப் பின்னால் வரிசை வரிசையாக எழுந்தார்கள். தலை இருக்க வேண்டிய இடமெல்லாம் பழுப்பு நிறக் காகிதம். எதிரணி ஆட்கள் கைதட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள்.

"வாடா ரஃபஸ்" என்றது பக்கத்திலிருந்த பை.

"உக்காருடா."

"பிடிவாதம் பிடிக்காத. கழுதைக்கும் ஒரு அளவு இருக்கு."

"அதனாலதான் அந்தப் பேரு வச்சிருக்கோம்."

ஓட்டை வழியாகக் கண் மட்டும் தெரிந்தது. பிறகு என் முட்டிகளைத் தாண்டிக்கொண்டு போனான். வருடக்கணக்காக அவன் இடித்துக்கொண்டு போகும் அதே முட்டிகள்.

ஸ்டாண்டு அறுவடை முடிந்த வயல் மாதிரி ஆயிற்று. இங்கே ஒருவர், அங்கே இருவர். எதிர்ப் பக்கத்திலிருந்து ஒருவன் கையைக் குவித்து, "தாத்தா, உங்களை எழுப்ப மறந்துட்டாங்களா?" என்று கத்தினான். நான் திரும்பவில்லை. படியில் இறங்கி மைதானத்தை ஒட்டிய முதல் வரிசைக் கம்பிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஒரு குரல்தான் என்றால் கிட்டத்திலிருந்தாவது போகட்டும்.

இரண்டாம் பாதியில் என்ன ஆயிற்றோ தெரியவில்லை. கோச் ஏதோ சொல்லியிருப்பான் என்று சொல்வார்கள். நான் நம்ப மாட்டேன். பார்க்க யாரும் இல்லாததால் வெட்கம் விட்டுப் போயிருக்கலாம். பையன்கள் முட்ட ஆரம்பித்தார்கள். டேரல் எதிரே வந்தவனைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே போனான், இரவெல்லாம் மழையில் சிக்கிய வண்டியைத் தள்ளுகிறவன் மாதிரி. அவன் திறந்துவிட்ட வழியில் ஒரு பையன் பந்தோடு கோட்டைத் தாண்டிப் போய் விழுந்தான். நான் எழுந்து நின்றேன். ஸ்டாண்டில் என் சத்தம் எனக்கே அசிங்கமாகக் கேட்டது.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். பையன்கள் கட்டிப் பிடித்து முடித்து, அடுத்துப் பந்தை உதைக்க வரிசையில் வந்து நின்ற பிறகு, மதிலுக்கு அப்பாலிருந்து வண்டி ஹாரன்கள் எல்லாம் சேர்ந்து அலறின. என்னத்துக்கு இப்போது என்று பார்த்தேன். பிறகு புரிந்தது. பழைய வானொலிக் கோபுரத்தைக் கல்லூரி விற்றுவிட்டது. இப்போது ஒலிபரப்பு போனில்தான் வருகிறது. அது எங்கெங்கோ சுற்றிக்கொண்டு தாமதமாக வருகிறது. நாங்கள் சிரித்து முடித்த பிறகு அவர்களுக்கு நகைச்சுவை போய்ச் சேருகிறது. கோபித்துக்கொண்டு வெளியே போனவனுக்கு ஹாரன் என்ன வேண்டிக் கிடக்கிறது என்றும் நினைத்தேன்.

தோற்றோம். இருபத்தேழுக்குப் பதினேழு. இந்த வருடத்தில் அதுவே கௌரவமான தோல்வி.

பையன்கள் வந்து வரிசையில் நின்றார்கள். பின்னால் பெற்றவர்கள். ஆர்லீன் சர்ச்சுக்குப் போடும் நீலக் கோட்டு போட்டிருந்தாள். டேரல்தான் வரிசையில் கடைசி; சேறு காது வரை. வானொலிக்காரன் மைக்கை நீட்டிக்கொண்டு ஓரத்தில் நின்றான்.

முதல் பையன் ஓரடி வந்தான். "டோத்தன்."

உள்ளே இருந்த நாங்கள் சிலர் சொன்னோம். மெலிந்த சத்தம்தான். பையன் தலையாட்டிவிட்டுப் பின்னால் போனான். இரண்டாமவன் முன்னால் வந்து, மூச்சை இழுத்து, "வால்டோஸ்டா" என்றான்.

மதிலுக்கு அப்பாலிருந்து இடி மாதிரி வந்தது: "டோத்தன்."

இரண்டாம் பையன் திரும்பிப் பார்த்தான். முதல் பையனும் பார்த்தான். எது யாருக்கு என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. நாங்கள் "வால்டோஸ்டா" என்றது அந்த இடியில் அடிபட்டுப் போயிற்று. மூன்றாமவன் "கேட்ஸ்டன்" என்றான். மதில் "வால்டோஸ்டா" என்றது. இப்படியே போயிற்று. ஒவ்வொருவனுக்கும் முன்னால் நின்றவன் ஊர். எதிரணிக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒரு பையனின் அப்பா கோபத்தில் சிவந்துபோனார். வழக்கத்துக்காக வாயை மூடிக்கொண்டு நின்றார்.

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். கடைசி ஆளுக்கு என்ன ஆகும் என்று அப்போதே தெரிந்துவிட்டது. அவனுக்கு அடுத்து யாரும் இல்லை. அவன் ஊர் வந்து சேரும்போது அவன் உள்ளே போயிருப்பான்; அது வெறும் புல்லில்தான் விழும்.

டேரல் முன்னால் வந்தான். அவ்வளவு பெரிய உடம்புக்குக் குரல் சின்னது. "மட் கிரீக்."

"மட் கிரீக்" என்றேன், தொண்டை கிழிய. எனக்குப் பின்னால் அங்கங்கே சிலர் சொன்னார்கள். மதிலுக்கு அப்பாலிருந்து அவனுக்கு முன்னால் நின்ற பையனின் ஊர் வந்தது: "டிஃப்டன்."

டேரல் மதிலைப் பார்த்தான். பிறகு புல்லைப் பார்த்தான். ஹெல்மெட்டைக் குனிந்து எடுத்தான். ஆர்லீன் அவன் கையைப் பிடித்தாள். கோச் விட்லோ இரண்டு கையாலும், உள்ளே நடங்கள் நடங்கள் என்று ஆட்டினான். வரிசை கலைந்து சுரங்க வழியைப் பார்த்து நகர ஆரம்பித்தது.

"டேரல்" என்று கத்தினேன். "நில்லு."

அவன் நின்றான்.

"மில் தூண் மாதிரி நில்லு. ஒரு அடி நகரக் கூடாது."

"மிஸ்டர் ரஃபஸ், நேரமாச்சு, குளிக்கணும், பஸ் ஏறணும்" என்று ஆரம்பித்தான் கோச்.

"உள்ளூர் ஆட்டத்துக்கு என்னய்யா பஸ்? மூணு வருஷமா நீ பேசுனதக் கேட்டோம். கொஞ்சம் வாயை மூடு."

கோச் மூடினான். அதை நான் எதிர்பார்க்கவில்லை. டேரல் சேற்றுக் காலோடு அப்படியே நின்றான். மற்றப் பையன்களும் போகிற வழியில் நின்றார்கள். ஆர்லீன் என்னைப் பார்த்தாள். ஏன் நிறுத்தினேன் என்று அவளுக்குத் தெரியவில்லை. வரும் என்று எனக்கும் நிச்சயமில்லை. போன்காரனை நம்பி நிற்கிறோமே, இந்த நேரம் பார்த்து அந்தச் சனியன் அறுந்துபோனால் என்ன செய்வது என்று கம்பியை இறுக்கிப் பிடித்தேன். நாய் ஒன்று எங்கோ குரைத்தது. வானொலிக்காரன் மைக்கை இறக்கிவிட்டான்.

வந்தது.

"மட் கிரீக்."

அந்தப் பெயரை அவ்வளவு பேர் சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் ஊரில் அவ்வளவு பேரே இல்லை. இதற்கு அடுத்து மோத எந்த ஊரும் இல்லாததால் அது தனியாக, சுத்தமாக வந்தது. ஹாரன்களும் சேர்ந்துகொண்டன. டேரல் நிமிர்ந்துதான் நின்றிருந்தான். இன்னும் கொஞ்சம் நிமிர்ந்த மாதிரி இருந்தது. ஆர்லீன் வாயைப் பொத்திக்கொண்டாள். வழக்கத்தை மீறாமல் இருக்கத்தான் என்று நினைக்கிறேன்.

டேரல் ஹெல்மெட்டை மதில் பக்கம் தூக்கிக் காட்டவில்லை. என் பக்கம் திரும்பித் தலையை ஒரு முறை அசைத்துவிட்டு அம்மாவோடு உள்ளே போனான்.

நான் வெளியே வந்தபோது வெர்னன் பிக்கப் வண்டியின் பின்கதவில் உட்கார்ந்திருந்தான். பையை மடித்து முட்டிமேல் வைத்திருந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. ஒவ்வொருத்தனுக்கும் முன்னாடி நின்னவன் ஊரு கேட்டுச்சு."

"என்ன சொல்ற?"

சொன்னேன். சிரிப்பு போயிற்று. ஸ்பீக்கரைத் திரும்பிப் பார்த்தான், அது ஏதோ தெருநாய் மாதிரி.

"டேரலுக்கு?"

"நிக்க வச்சேன். கிடைச்சுது."

வெர்னன் மூச்சை விட்டான். "பாத்தியா. கிடைச்சுதுல்ல? நாங்க எல்லாரும் கத்தினோம்டா. மனசு உள்ளதான் இருந்துச்சு. கமிட்டிக்காரனும் காலி பெஞ்சைப் பாத்துட்டான், பையனும் ஊர்ப் பேரைக் கேட்டுட்டான். ரெண்டும் நடந்துச்சு. இதுல என்ன தப்பு?"

"மத்தப் பசங்க?"

அவன் ஸ்பீக்கர் ஒயரைச் சுற்ற ஆரம்பித்தான். "அடுத்த தடவை ஆன்டெனா வச்ச ரேடியோவாக் கொண்டாறேன்" என்றான்.

"கோபுரத்தையே வித்துட்டானுங்க. அடுத்த தடவை உன் பின்பக்கத்தைக் கொண்டா. சீட்டு அதுக்குத்தான் போட்டிருக்கான்."

"கோச்சை மாத்தட்டும், வர்றேன். மாத்துவானுங்க பாரு. இன்னிக்கு நடந்தது வீண் போகாது."

ரொட்டிக்குள் இறைச்சியை வைத்து நீட்டினான். வாங்கிக்கொண்டேன். பசி வேறு, நியாயம் வேறு.

"சொல்லுடா ரஃபஸ், மதிலுக்கு வெளிய நின்னு கத்தினா கத்தினது இல்லையா? கடைசியில கேட்டுச்சா இல்லையா?"

சுற்றிலும் பைகள் காற்றில் உருண்டுகொண்டிருந்தன. ஒன்று என் காலில் வந்து சிக்கியது. கறுப்பு மையில் கழுதைக் காது வரைந்தது. எனக்காக வெட்டினதுதான் போலிருக்கிறது. உதறிவிட்டேன்.

"கேட்டுச்சு" என்றேன். "நான் நிக்க வச்சதால கேட்டுச்சு."

"அதேதான் நானும் சொல்றேன். நீ உள்ள, நாங்க வெளிய. ரெண்டு பேரும் சேந்து."

சேர்ந்து என்கிறான். நான் ரொட்டியைக் கடித்துக்கொண்டு என் வண்டியைப் பார்த்து நடந்தேன். பின்னால் அவன் இன்னும் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தான்.